எண்ணிக்கையைக் கேட்பவர்கள்

அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? இதற்கு ஒருவர் சொல்லும் விடையை வைத்தே அவர் எந்தப் பக்கம் என்று அங்கே இன்றும் கண்டுகொள்கிறார்கள். விசாரணை ஆணையம் 1984-இல் பதிவு செய்தது 8,961 பேரை. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன.

சிறிய எண்ணைப் பிடித்துக்கொண்டு கொடுமையையே சிறிதாக்கப் பார்ப்பவர்கள் மீது எனக்குக் கடும் கோபம் வருகிறது. ஆட்களை ரகசியமாகக் கடத்தி, விமானத்திலிருந்து உயிரோடு கடலில் வீசி, தடயத்தை அழித்த அரசுதானே கணக்கையும் இல்லாமல் செய்தது? அதனிடம் கேட்க வேண்டிய கணக்கைப் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கேட்பது என்ன நியாயம்!

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 1977 ஏப்ரலில் தலைநகர் பியூனஸ் ஐரிஸின் மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கிய தாய்மார்களைப் பைத்தியக்காரிகள் என்றார்கள். அவர்களிலும் சிலரைக் கடத்திக் கொன்றார்கள். பின்னர் வந்த மக்களாட்சியோ 1986, 1987 ஆண்டுச் சட்டங்களால் ராணுவத்தினர் மீதான வழக்குகளை முடக்கியது (இதுதான் எனக்கு ஆறவே இல்லை). 2005-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லாது என்றது. சித்திரவதை நடந்த கடற்படைப் பள்ளி இப்போது நினைவு அருங்காட்சியகம். விசாரணைகள் மீண்டும் நடக்கின்றன. சாட்சிகளுக்கோ வயதாகிக்கொண்டிருக்கிறது, அவர்கள் இருக்கும்போதே தீர்ப்புகள் வர வேண்டும்.