பெயர் மட்டும் மிஞ்சிய பிரியாணிக் கடை

14 ஜூன் 2025, சனிக்கிழமை

ஆரணியிலிருந்து வந்திருந்த அத்தையையும் மாமாவையும் இன்றிரவு அந்த உணவகத்துக்கு அழைத்துச் சென்றேன். ஒரு காலத்தில் வேலூரில் பிரியாணி என்றாலே அந்தக் கடையைத்தான் சொல்வார்கள். இடம் கிடைக்க வாசலில் காத்து நிற்க வேண்டும். இன்று எட்டரை மணிக்கே பாதி மேசைகள் காலியாகக் கிடந்தன.

மட்டன் பிரியாணி சொன்ன சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. மேலே சோற்றில் ஆவி பறந்தது. அடியில் கிடந்த கறியோ எலும்பை ஒட்டிச் சில்லென்றிருந்தது. விலைப்பட்டியலில் சீரகச் சம்பா என்று அச்சிட்டிருக்கிறார்கள். இலையில் விழுந்தது நீள நீளமான பாசுமதி. ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தேன். மசாலா மேலே ஒட்டியிருந்ததே தவிர, உள்ளே உப்புகூட ஏறவில்லை. சாப்பிட்டு முடித்தபோது இலையில் செம்மஞ்சள் சாயம் தேங்கி நின்றது.

கத்தரிக்காய்தான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மாவட்டத்தில், புளியும் எண்ணெயும் சேர்ந்து சுருண்டு வர வேண்டிய பிரியாணிக் கத்தரிக்காயைத் தண்ணீராக ஊற்றிக் கொடுத்தார்கள். பரிமாறியவரிடம் சொன்னபோது, “பார்சல் ஆர்டர் ஜாஸ்தி சார், அதான்” என்றார். அத்தை என் முகத்தைப் பார்த்து, “விடுப்பா, பசிக்குச் சாப்பிட்டாச்சு” என்றார். விருந்துக்கு அழைத்துப் போனவனுக்கு அதைவிடச் சங்கடம் வேறென்ன?

15 ஜூன், ஞாயிறு

கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி செய்யும் பண்டாரி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். காலையில் அவரிடம் இதைச் சொன்னேன். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் கறி வெந்துகொண்டிருக்க, சீரகச் சம்பாவைத் தனியே முக்கால் பதத்துக்கு வேகவைத்து வடித்து, கறியின் மேல் பரப்பி, தேக்சா என்ற அந்தப் பெரிய பாத்திரத்தை மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டுத் தம்மில் விட வேண்டும். மீதிக் கால் பதத்தை அந்தத் தம்மில்தான் அரிசி கறிச்சாற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் என்றார். காலையிலேயே முழுதும் வேகவைத்து வைத்த சோற்றை, கேட்டவுடன் கறிக்குழம்பில் பிரட்டிக் கொடுத்தால் அந்தக் கால் பதத்துக்கு இடமே இல்லை. நேற்று என் இலைக்கு வந்தது அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து தங்குவோருக்காகப் பல கடைகள் மீன் குழம்பும் ரொட்டியும் சேர்த்துக்கொண்டன. நோயாளியோடு வந்தவருக்குத் தம் ஊர்ச் சாப்பாடு கிடைப்பது நல்லதே. இந்தக் கடையின் வீழ்ச்சியை அவர்கள் மேல் போடுவது நியாயமல்ல. அடுப்படியில் தம் நின்றுபோனதற்கு உரிமையாளரே பொறுப்பு.

18 ஜூன், புதன்

மாலையில் அந்தப் பக்கம் போனவன், கல்லாவில் இருந்த உரிமையாளரின் மகனிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பழைய மாஸ்டர் போய்விட்டார், சம்பா விலை கட்டுப்படியாகவில்லை, செயலி வழியாக வரும் ஆர்டருக்குச் சில நிமிடங்களில் பொட்டலம் கட்டியாக வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். சம்பா கட்டுப்படியாகாவிட்டால் விலையை ஏற்றுங்கள். இல்லையென்றால் பட்டியலில் அந்தப் பெயரையாவது எடுத்துவிடுங்கள், அதை நம்பித்தான் வெளியூர் உறவினரை அழைத்து வருகிறோம் என்றேன். “அப்பாகிட்ட பேசறேண்ணா” என்றார்.

அடுத்த மாதம் மாமா மறுபடி வருகிறார். அப்போது அவரை ஆம்பூருக்கு அழைத்துப் போகப் போகிறேன். மதியத் தம் உடைக்கும் நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.