பிரேக் லிவர் ஏன் துடிக்குது?

நான் திண்டுக்கல்லில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "முன் பிரேக்கைக் கொஞ்சம் லூசாவே வைங்கண்ணே" என்று சொல்லாத ஆள் குறைவு. மழையில் ஒருமுறை முன் பிரேக் பிடித்து, வண்டி வாரி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டவர் அப்புறம் அந்த லிவரைத் தொடவே மாட்டார். நானும் கேட்டபடியே லூசாக வைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பிரேக் பிடித்ததும் எடையெல்லாம் முன்னால் வந்து விழும், பின் சக்கரம் லேசாகிவிடும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். அதைத்தான் நாங்கள் லூசாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றிலும் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயமானது. உடனே புதுப்புது புகார்கள். சாவி போட்டால் மீட்டரில் ஏபிஎஸ் லைட் எரிகிறது என்று ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். நாலு அடி ஓட்டினால் தானாக அணைந்துவிடும், அவர் ஓட்டவே இல்லை. இன்னொருவருக்கு உண்மையிலேயே லைட் அணையவில்லை. பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோது சக்கரத்தின் வேகத்தை அளக்க உதவும் சென்சார் ரிங் வளைந்திருந்தது. லைட்டைப் பார்க்கச் சகிக்காமல் அவர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார். பிடுங்கினாலும் லைட் எரியத்தான் செய்யும், அது வேறு விஷயம்.

மறக்க முடியாதவன் ஒரு கல்லூரிப் பையன். "அண்ணே, சடன் பிரேக் போட்டா லிவர் கையில துடிக்குது, சரி பண்ணிக் குடுங்க" என்றான். ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் வாட்டர் வாஷ் தண்ணீர் தேங்கும் சிமெண்ட் தரை உண்டு. அங்கே கூட்டிப்போய், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து முன் பிரேக்கை முழுசாக அழுத்தச் சொன்னேன். மாட்டேன் என்றான். நானே ஓட்டிக் காட்டினேன். லிவர் கடகடவென்று துடித்தது, வண்டி நேராக நின்றது. சக்கரம் லாக் ஆகப்போகிறது என்று சென்சார் சொன்னதும் பிரஷரை விட்டுவிட்டுப் பிடிக்கிறது, ஒரு நொடிக்குள் பல தடவை, அந்தத் துடிப்புதான் கையில் தெரிகிறது என்று விளக்கினேன். அப்புறம் அவனே ஆறேழு ரவுண்டு அடித்தான். முதலாளி சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினான்.

ஆனால் இதை மந்திரம் என்று நம்பி வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். மொட்டை டயரை மாட்டிக்கொண்டு "ஏபிஎஸ் இருக்குல்ல" என்பார்கள். தார் ரோட்டில் டயருக்குப் பிடிமானம் இருந்தால்தானே ஏபிஎஸ்ஸுக்கு வேலை? சரளை மண்ணில் ஏபிஎஸ் வண்டி நிற்கக் கொஞ்சம் கூடுதலாகவே தூரம் எடுக்கும். சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் பழையபடி இழுக்கும். கொடைக்கானல் வளைவில் சாய்ந்தபடி பிரேக்கை அமுக்கினால், சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பதே தெரியாது.

இத்தனை சொன்ன பிறகும், ஏபிஎஸ் தேவையா என்று கேட்டால் தேவை என்றுதான் சொல்வேன். பயந்தவன் பதறிப் பிடிக்கும் பிரேக்குக்குத்தான் அது. என் மனத்தாங்கல் வேறு. மனைவி, ரெண்டு பிள்ளைகள், ஒரு அரிசி மூட்டையோடு போகிற 100 சிசி வண்டிக்கு அந்தச் சட்டத்தில் சிபிஎஸ் போதும் என்று விட்டுவிட்டார்கள். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் லாக் ஆவதை அது தடுக்காது.

அந்தப் பையன் அடுத்த சர்வீஸுக்கு ரெண்டு வண்டியோடு வந்தான். இரண்டாவது அவன் அப்பாவின் பழைய நூறு சிசி. "இதுலயும் ஏபிஎஸ் மாட்ட முடியுமாண்ணே?" என்றான். ரெண்டு பக்கமும் டிரம் பிரேக், முடியாது என்றேன். பிரேக் ஷூ மாற்றி, கேபிளுக்கு ஆயில் விட்டு, முன் பிரேக்கை டைட்டாக வைத்துக் கொடுத்தேன். அப்பா வந்து வண்டியை எடுக்கும்போது லிவரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் லூசா வைங்க தம்பி" என்றார்.