சவ்வு சொன்னால்தான் நொதி வெட்டும்

நவம்பர் 4, செவ்வாய்

இரண்டாம் ஆண்டு வகுப்பில் இன்று அழற்சிப் பாடம் தொடங்கியது. செல் சவ்வின் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பிலிருந்து ஒரு நொதி அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை வெட்டிப் பிரிக்கிறது, அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் உண்டாகிறது, வலியும் வீக்கமும் வருகிறது என்று வழக்கமான அம்புக்குறிப் படத்தைப் போர்டில் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து பண்ருட்டிப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"மேம், வெட்டுற நொதியும் செல்லுக்குள்ளதான் இருக்கு, வெட்டுப்படுற கொழுப்பும் அங்கேயேதான் இருக்கு. அப்ப எப்பவும் வெட்டிக்கிட்டே இருக்கணுமே? உடம்பு எப்பவும் வீங்கியே இருக்கணுமே?"

எவ்வளவு நல்ல கேள்வி! பாடப் புத்தகங்கள் சவ்வை இரண்டு கோடாகப் போட்டுவிட்டு, நொதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அவள் கேட்டதற்கான பதில் அந்த இரண்டு கோட்டுக்குள்தான் இருக்கிறது. நாளைக்கு நிதானமாகப் பேசலாம் என்றேன்.

நவம்பர் 5, புதன்

நொதியின் பெயர் சைட்டோசோலிக் பாஸ்போலிப்பேஸ் ஏ2. சும்மா இருக்கும் செல்லில் இது நீர்ப்பகுதியில் மிதந்துகொண்டிருக்கும். கொழுப்போ சவ்வில் இருக்கிறது. இரண்டும் ஒரே செல்லுக்குள் இருந்தாலும் சந்திப்பதில்லை.

செல்லுக்கு அடிபட்டாலோ கிருமி தொட்டாலோ உள்ளே கால்சியம் சுமார் 10 மடங்கு ஏறும். நொதியின் ஒரு முனையில் சி2 என்ற பகுதி உண்டு. கால்சியம் அதில் ஒட்டியதும் அதன் வளையங்கள் சவ்வுக்குள் செருகிக்கொள்ளும். ஆனால் எந்தச் சவ்வு என்பதையும் கொழுப்புதான் தீர்மானிக்கிறது. சி2 பகுதிக்குப் பிடித்தது பாஸ்பாடிடைல் கோலின் என்ற சவ்வுக் கொழுப்பு. அது நிறைந்த உட்சவ்வுகளுக்கு, அதாவது கோல்ஜி, எண்டோபிளாச வலை, உட்கருவைச் சுற்றியுள்ள சவ்வு ஆகியவற்றுக்கு, நொதி போய்ச் சேர்கிறது. செராமைடு-1-பாஸ்பேட் என்ற இன்னொரு கொழுப்பு கோல்ஜியில் இருந்தால் பிடிமானம் இன்னும் நீடிக்கும். பாஸ்பாடிடைல் இனோசிட்டால் வகைக் கொழுப்பு ஒன்றும் நொதியின் வேகத்தைக் கூட்டுகிறது.

ஆக, எங்கே போவது, எவ்வளவு நேரம் அங்கே தங்குவது, எவ்வளவு வேகமாக வெட்டுவது என்ற மூன்றிலும் சவ்வுக் கொழுப்பின் கை இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு அது போதும்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. கரண்ட் இல்லை. ஒன்றும் படிக்கவில்லை.

நவம்பர் 8, சனி

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்காவுக்கு ஆள்காட்டி விரலில் கெளுத்தி முள் குத்தியிருக்கிறது. குத்தின இடத்தில் கறுத்த சின்னப் புள்ளி. அதைச் சுற்றி விரல் முழுக்கச் சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துப்பிடித்து நிற்கிறது. தொட்டால் சுடுகிறது. மடக்க முடியவில்லை.

"சுடுதண்ணியில கைய வச்சேன் டீச்சர், கொஞ்சம் அடங்குச்சு" என்றார். சரியான வைத்தியம்தான். கெளுத்தி முள்ளின் நஞ்சு புரதம், சூட்டில் கெடும். ஆனாலும் முள் உடைந்து உள்ளே நின்றிருக்கலாம், சீழ் பிடிக்கலாம். "அக்கா, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டிடி ஊசி போட்டுக்குங்க" என்று சொல்லி, அவரைக் கூடை தூக்கவிடாமல் நானே தூக்கி வண்டியில் வைத்தேன்.

அந்த விரலுக்குள் வெட்டப்பட்ட அராக்கிடோனிக் அமிலம் அடுத்துப் போகும் இடமும் சவ்வுதான். அதைப் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றுவதும், வலி மாத்திரைகள் தடுப்பதுமான சைக்ளோஆக்சிஜனேஸ் நொதி, எண்டோபிளாச வலைச் சவ்வின் ஒரு பக்கத்தில் பாதி அமிழ்ந்து உட்கார்ந்திருக்கும். அதன் வாசல் சவ்வைப் பார்த்துத் திறந்திருக்கிறது, அமிலம் சவ்வுக்குள்ளிருந்தே அதில் நுழைகிறது. ஆஸ்பிரின் அந்த வழியில் செரின் என்ற ஒரு அமினோ அமிலத்தின் மேல் அசிட்டைல் தொகுதியை ஒட்டி வழியை மறித்துவிடுகிறது. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் இருவருடன் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே அமிலத்திலிருந்து லூக்கோட்ரையீன் என்ற இன்னொரு அழற்சிப் பொருளை உண்டாக்கும் லைப்பாக்சிஜனேஸ் நொதியும் இப்படித்தான். கால்சியம் ஏறினால் உட்கருச் சவ்வுக்கு ஓடும். அங்கே பதிந்திருக்கும் ஒரு துணைப் புரதம் அமிலத்தை அதற்கு எடுத்துக் கொடுக்கும். இழுப்பு நோயில் மூச்சுக்குழல் சுருங்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து எட்வர்ட் டென்னிஸ் குழுவின் வேலையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். 2015இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சவ்வையே ஒரு அலோஸ்டெரிக் கட்டுப்படுத்தி என்கிறது. அதாவது நொதி வெட்டும் இடத்தில் சவ்வு ஒட்டுவதில்லை. வேறொரு இடத்தில் ஒட்டுகிறது, ஒட்டியதும் நொதியின் உருவம் மாறிக் குழி திறக்கிறது. கோடையில் நுங்கைக் கட்டைவிரலால் தோண்டி எடுப்பதுபோல, நொதி சவ்விலிருந்து ஒரே ஒரு பாஸ்போலிப்பிடைத் தன் குழிக்குள் இழுத்துக்கொண்டு, அதன் இரண்டாவது இடத்தில் இருக்கும் கொழுப்பு அமிலத்தை வெட்டுகிறது.

நல்ல பாம்பின் நஞ்சிலும் ஒரு பாஸ்போலிப்பேஸ் ஏ2 இருக்கிறது. எடை சுமார் 14 கிலோடால்டன். நம் செல்லில் இருப்பது 85. அவ்வளவு வித்தியாசமான இரண்டும் ஒரே பழக்கத்தோடு இருப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. கொழுப்பு மூலக்கூறு தண்ணீரில் தனித்தனியாகக் கிடந்தால் பாம்பு நொதி மந்தம், அதே கொழுப்பு பரப்பாகச் சேர்ந்திருந்தால் வேகம் பல மடங்கு. பரிணாமத்தில் தனித்தனியாக வந்த புரதங்களும் சவ்வைத் தொட்ட பிறகே முழு வேகத்துக்கு வருகின்றன. இதைப் படித்த பிறகு சவ்வை வெறும் மூலப்பொருள் என்று எழுத எனக்குக் கை வராது.

நவம்பர் 11, செவ்வாய்

மீன் அக்கா வந்தார். விரல் வீக்கம் வடிந்துவிட்டது, தோல் உரிகிறது. முள் துண்டு உள்ளே இருந்ததாம், எடுத்துவிட்டார்கள்.

வகுப்பில் அதே பண்ருட்டிப் பெண்: "மேம், சவ்வுதான் எல்லாம்னா, சவ்வையே மாத்த முடியாதா?"

முடியும், சாப்பாட்டால். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் எண்ணெயில் ஈபிஏ என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. அராக்கிடோனிக் அமிலத்தைப் போலவே 20 கார்பன், ஆனால் இரட்டைப் பிணைப்பு 4க்குப் பதில் 5. அதுவும் பாஸ்போலிப்பிடில் அதே இரண்டாவது இடத்தில் போய் உட்காரும். நொதி வெட்டும்போது ஈபிஏ வெளியே வந்தால், அதிலிருந்து உண்டாகும் பொருள்களுக்கு அழற்சியை மூட்டும் வலு குறைவு.

"அப்ப எங்க ஆயாவுக்கு முடக்குவாதம். மத்தி வாங்கிக் கொடுத்தா மாத்திரைய விட்டுடலாமா?"

விடக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன். சவ்வு மாற வாரக்கணக்கில் ஆகும். முடக்குவாதத்தில் பலன் தெரிந்த ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 3 கிராம் அளவில் ஈபிஏ போன்ற ஒமேகா-3 அமிலங்களை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். காலை நேர விறைப்பும் வலியும் ஓரளவு குறைந்தன, அவ்வளவுதான். மீன் நல்லது, ஆயாவுக்குக் கொடு. டாக்டர் எழுதிய மாத்திரையும் தொடரட்டும். மீன் எண்ணெய் மாத்திரை வாங்குவதென்றால் அவரிடம் கேட்டுவிட்டு வாங்கு என்றேன். இன்று சாயங்காலமே ஆயாவிடம் போனில் சொல்கிறேன் என்றாள்.