பூநகரியின் இரண்டு கொத்தளங்கள்

போர் முடிந்து நடந்த மீள்குடியேற்றத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில், இலங்கையின் வடக்கே வன்னியில் பணியாற்றிய நில அளவையாளர்களுக்கு ஓய்வே இருக்கவில்லை. காணி உறுதிகள் தொலைந்திருந்தன, எல்லைக்கற்கள் பிடுங்கப்பட்டிருந்தன, வேலி ஓடிய இடத்தைக் காட்ட ஒரு பூவரசுகூட மிஞ்சாத காணிகளில், பழைய படமொன்றை மட்டும் நம்பி எல்லையைத் தேட வேண்டியிருந்தது. பூநகரிக் கோட்டையை அண்டிய காணியொன்றை அளக்கச் சென்றபோது, அயலில் இடம்பெயராமல் நின்றது கோட்டைச் சுவரின் மூலை மட்டுமே. அதையே ஆதாரப் புள்ளியாகக் கொண்டு வேலையைத் தொடங்கினேன். அந்தக் கட்டடத்தின் வடிவத்தை நிதானமாகப் பார்க்க நேர்ந்தது அதனால்தான்.

ஏறத்தாழ 30 மீற்றர் பக்கங்கொண்ட சதுரம் அது. யாழ்ப்பாணக் கோட்டைக்கு ஐந்து கொத்தளங்கள், மன்னார்க் கோட்டைக்கு நான்கு. பூநகரிக்கோ எதிரெதிர் மூலைகளில் இரண்டு மட்டுமே. இதைக் குறையென்று எண்ணுவோர் உண்டு. ஆனால் மூலையிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் ஒரு கொத்தளத்தில் காவல் நிற்பவன், தன் இருபுறமும் ஓடும் இரண்டு சுவர்களின் அடிவாரத்தையும் நேராகப் பார்த்துச் சுட முடியும். ஆகவே குறுக்கெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள் இருந்தாலே நான்கு சுவர்களும் பார்வைக்குள் வந்துவிடுகின்றன. குறைந்த ஆட்களைக் கொண்டு ஓரிடத்தைக் காக்க நினைத்தவர்களின் கணக்கு இது. சுவர் உடைந்த இடங்களில் முருகைக்கல்லும் அதைப் பிணைத்த சுண்ணாம்புச் சாந்தும் வெளித்தெரிகின்றன. சாந்துக்குள் சிப்பித் துண்டுகள் வெள்ளையாகத் தெறித்துக் கிடந்ததை விரலால் தடவிப் பார்த்தேன்.

பீரங்கிகளோடு வரும் பெருங்கப்பலை இவ்வளவு சிறிய கோட்டை நெடுநேரம் எதிர்த்து நின்றிருக்க முடியாது. அதன் வேலை வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் கடனீரேரியைச் சங்குப்பிட்டியிலிருந்து கேரதீவுக்குக் கடக்கும் துறையை, தெற்கிலிருந்து வருபவர்கள் தம் விருப்பப்படி நெருங்காமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. யாழ்ப்பாணத்தில் தாம் பிடித்ததைக் காக்கப் போர்த்துக்கேயர் கட்டினர். 1770 அளவில் ஒல்லாந்தர் அதனை விரிவாக்கினர். ஆனையிறவுப் பக்கத்தில் தரைவழியை மறித்து நின்ற காவற்கோட்டைகளுக்கும் இதே நோக்கந்தான். வன்னியின் குறுநிலத் தலைவர்களான வன்னியர்களிடமிருந்து திறையாகப் பெறப்பட்ட யானைகள் வடக்கே போக வேண்டும். வன்னியிலிருந்து எழும் எதிர்ப்பு வடக்கே போகக்கூடாது.

வேலைக்கிடையில் நிழலுக்கு ஒதுங்கியபோது, பக்கத்து வயற்காரரான முதியவர் ஒருவர், "தம்பி, உது வெள்ளைக்காரன் தன்ரை பாதுகாப்புக்குக் கட்டினது. எங்கடை ஆக்களுக்கும் உதுக்கும் என்ன தொடுசல்?" என்று கேட்டார். மொட்டைக்கறுப்பன் நெல் விதைக்கும் அந்த மண்ணை நன்கறிந்த மனிதர் அவர். நான் அவரோடு வாதாடவில்லை. ஆயினும் அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் விட முடியவில்லை, ஏனெனில் தொடுசல் இருக்கிறது என்றே நம்புகிறேன். எவருக்கு அஞ்சி ஒரு சுவர் எழுப்பப்பட்டதோ, அவர்களுக்கும் அதன் வரலாற்றில் உரிமையுண்டு.

முல்லைத்தீவுக் கோட்டையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஒல்லாந்தர் கட்டி, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய அந்தக் கோட்டையை, 1803 ஆகஸ்ட் மாதம் வன்னித் தலைவனான பண்டாரவன்னியன் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த படைக்குத் தலைமை தாங்கிய வொன் டிறிபேர்க் தப்பியோட நேர்ந்தது. அதே அதிகாரி அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான். அந்த வீரத்தைப் பாடசாலையில் உணர்ச்சியோடு படித்த நாங்கள், அவன் மோதிய கோட்டைகள் ஏன் அந்தந்த இடங்களில் நின்றன என்பதை ஒருபோதும் படிக்கவில்லை. இது பெருங்குறை.

பூநகரியில் ஆங்கிலேயர் 1805இல் கோட்டைக்குள் வாடிவீடொன்றைக் கட்டினர். காவலிடம் பயணிகள் தங்குமிடமாயிற்று. ஆனால் துறையின் பெறுமதி குறையவில்லை. 1993 நவம்பரில் இங்கிருந்த படைத்தளத்துக்காகப் பெருஞ்சமர் நடந்தது. 2008 நவம்பரில் இந்நிலம் மீண்டும் கைமாறியது. ஒல்லாந்தரின் கணக்கு இருபதாம் நூற்றாண்டைத் தாண்டியும் பொய்க்கவில்லை என்பதை இந்த மண்ணின் மக்கள் தம் உயிர்களைக் கொடுத்தே அறிந்தார்கள். 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், முன்பு படகுக்காகக் காத்திருந்து கடந்த நீரைப் பேருந்துகள் சில நொடிகளில் கடந்துவிடுகின்றன.

காணிக்காரருக்குரிய படத்தை வரைந்து முடித்தபோது, அதன் ஓரத்தில் கோட்டையின் சதுரத்தையும் இரண்டு கொத்தளங்களையும் அளவு பிசகாமல் சேர்த்தேன். அதன் பிரதியொன்றை அயற்பாடசாலையின் வரலாற்று ஆசிரியையிடமும் கொடுத்தேன். மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று, ஒரு கொத்தளத்தில் நிற்கவைத்து, எந்தெந்தச் சுவர் தெரிகிறது என்று முதலில் கேட்கும்படி அவரிடம் சொன்னேன்.