பட்டிக்கு அடியில்

மார்ச் 3

கஸ்டம் வேலை பார்த்த கார் ஒன்று ஆய்வுக்கு வந்திருக்கிறது. பழைய கூப்பே, அதாவது இரண்டு கதவு கார். சக்கர வளைவுகளை அகலப்படுத்தி, என்ஜினை மாற்றி, முழுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பத்தடி தள்ளி நின்றால் அழகுதான். கிட்டே போனால் கதவு இடைவெளி மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. “கேஸ் போட்டுடலாம்ல அண்ணே?” என்றுதான் வண்டிக்காரத் தம்பி பேச்சையே ஆரம்பித்தான். வேலை மோசம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. காரைப் பற்றி ஒன்றும் தெரியாத நீதிபதிக்கும் அது தெரியும்படி எழுதுவதுதான் என் பாடு.

மார்ச் 4

குறைகளை எழுதிக்கொண்டு வந்தான். முதல் வரி: “நான் நினைச்ச சிவப்பு இது இல்ல.” நிறத்தைக் குறிக்கும் பெயிண்ட் எண் பில்லிலோ மெசேஜிலோ இருந்தால் அது ஒப்பந்த மீறல். இல்லாவிட்டால் வெறும் ரசனை. அந்த வரியை அடித்துவிட்டேன். சைலன்சர் சத்தமும் அப்படியே போயிற்று.

கஸ்டம் வேலையின் தொல்லையே இதுதான். கம்பெனியிலிருந்து வரும் வண்டிக்குத் தயாரிப்பாளர் வைத்த அளவு இருக்கிறது. இதற்கு, இரண்டு பேரும் பேசிக்கொண்டதுதான் அளவு. பேசியது எழுத்தில் இல்லையென்றால் கையில் மிஞ்சுவது ஒரே கேள்வி: இந்தத் தொழில் தெரிந்த ஒருவர் நியாயமான கவனத்தோடு செய்திருந்தால் வேலை இப்படி இருந்திருக்குமா?

மார்ச் 6

இன்று முழுக்க பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரும் கையுமாக. ஃபேக்டரி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். மறுபடி அடித்தது என்றால் 200, 300. பின்பக்க வளைவில் மீட்டர் 1,000-ஐத் தாண்டி, பிறகு எண்ணே காட்டவில்லை. காந்தம் வைத்தால் வழுக்கி விழுகிறது. தகட்டைத் தட்டி நேராக்காமல், பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டியை அப்பித் தேய்த்து மறைத்திருக்கிறார்கள். பட்டி ஓரிரு மில்லிமீட்டருக்குத்தான். கனமாகப் போட்டால் அதிர்வில் வெடிக்கும்.

இதைவிடக் கவலை வெல்டிங். அடியிலிருந்து பார்த்தால் புதுத் தகடு விளிம்பில் அங்கங்கே பொட்டு வைத்தது போல ஒட்டியிருக்கிறது. பொட்டுகளுக்கு நடுவே ஓடவேண்டிய வெல்டு இல்லை. மேலே இடைவெளியை அடைக்கும் சீலர் பூசி மூடியிருக்கிறார்கள். பெயிண்டில் பார்க்க அசிங்கம். இதில் உயிருக்கே ஆபத்து. அறிக்கையில் முதல் பக்கம் இதற்கே. ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் அளவுகோல், தேதி. வண்டியை ஓட்டக் கூடாது என்றும் எழுதிவிட்டேன்.

மார்ச் 11

வேறு பட்டறையில் உடனே சரிசெய்யப் போகிறானாம். நல்லவேளை, கேட்டுவிட்டுப் போக வந்தான். பிரித்துவிட்டால் சாட்சியும் குப்பைக்குப் போகும். முதல் பட்டறைக்கு எழுத்தில் நோட்டீஸ்: குறை இது, அறிக்கை இது, இத்தனை நாளுக்குள் பதில் சொல்லுங்கள். திருத்திக்கொள்ள வாய்ப்பே தராமல் வழக்குக்குப் போனால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆபத்தான வெல்டிங்கை அதே கையிடம் திரும்பக் கொடுக்க மறுப்பதில் நியாயம் உண்டு. காரணத்தோடு எழுத வேண்டும். கழற்றும் பாகங்களைத் தூக்கிப் போடக் கூடாது.

போலீஸ் புகார்? மோசமான வேலை மட்டும் மோசடி ஆகாது; ஏமாற்றும் எண்ணம் தெரிய வேண்டும். புது பாகம் என்று பில் போட்டுப் பழையதை மாட்டியிருந்தால் கதை வேறு.

மார்ச் 13

இதைப் படிக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறீர்கள். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் முதலில் வேலையைத் திரும்பச் செய்து தரச் சொல்கிறது. அது முடியாவிட்டால் விலைக் குறைப்பு. இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். அமெரிக்காவில் சிறு வழக்கு நீதிமன்றம். தொகை வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கார்டில் பணம் கட்டியவர்கள் வங்கியிடம் ஆட்சேபம் எழுப்பலாம், ஆனால் அதற்குக் கெடு குறுகியது.

மார்ச் 14

மாற்றியமைப்பே சட்டப்படி அனுமதி இல்லாததாக இருந்தால் வழக்கு நொண்டும். என்ஜின் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றியிருக்கிறானா என்று கேட்டேன். ஏற்றியிருக்கிறான். பெருமூச்சு விட்டது நான்தான்.

மார்ச் 20

“கொடுத்த காசு பூரா திரும்ப வரும்ல?” வராது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. என்ஜின் வேலை நன்றாக இருக்கிறதே, அதன் கூலியை யார் திருப்பித் தருவார்கள்? பொதுவாகக் கணக்கு, கெட்டதைச் சரிசெய்ய ஆகும் செலவு. அதற்குத்தான் வேறு இரண்டு பட்டறைகளிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கச் சொன்னேன். மன உளைச்சலுக்குப் பெரிய தொகையை எழுதிவைத்திருந்தான். இருக்கட்டும், கேட்பதில் தவறில்லை. நம்பித் திட்டம் போடக் கூடாது.

பாக்கிப் பணம் இல்லாதது பெரிய நிம்மதி. பாக்கி இருந்தால் பல நாடுகளில் வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை பட்டறைக்கு உண்டு. அப்போது ஆட்சேபத்தை ரசீதில் எழுதிவிட்டுக் கட்டி, வண்டியை வெளியே எடுப்பதுதான் வழி.

மார்ச் 27

பட்டறையின் பதில் வந்தது. வெல்டிங் குறையை ஒப்புக்கொண்டு, வெளியில் செய்துகொள்ளும் செலவைத் தருகிறார்களாம். பெயிண்ட் பற்றிப் பேச்சே இல்லை. கூடவே கையெழுத்துக்கு ஒரு தாள்: “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.” அந்த வரியை அடித்து, “வெல்டிங் குறைக்கு மட்டும்” என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறான். அவர்களும் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பணத்தை வாங்கலாம். பெயிண்டுக்கு மனு தனியாகத் தயாராகிறது. மைக்ரான் அட்டவணையை நாளை சேர்த்துக் கொடுக்க வேண்டும்.