முற்றம் இருந்தும் பயம் இல்லாத வீடு

புதுச்சேரியிலேயே எடுக்கப்பட்டது என்பதற்காகவே, சென்ற வெள்ளிக்கிழமை இரவுக் காட்சிக்கு மிகுந்த எதிர்பார்ப்புடன் சென்று ஒரு பேய்ப் படம் பார்த்தேன். புதிய இயக்குநர், அறிமுக நடிகர்கள், கதை முழுவதும் ஒரே வீடு. கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் வழி இது; அதில் எனக்குக் குறையில்லை. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற அமெரிக்கப் பேய்ப் படத்தை அதன் இயக்குநர் ஓரன் பெலி தம் சொந்த வீட்டிலேயே, ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் எடுத்தார். அசையாத கேமரா படுக்கையறையைப் பார்த்துக்கொண்டே இருக்க, திறந்து கிடக்கும் கதவிலிருந்து நம்மாலும் கண்ணை எடுக்க முடிவதில்லை. 2012இல் வந்த தமிழ்ப் படமான ‘பீட்சா’வும் ஓர் இருண்ட வீட்டையும் ஒரு டார்ச் வெளிச்சத்தையும் வைத்தே நெடுநேரம் நம்மை நடுங்க வைத்தது. ஆகவே இந்தப் படம் சோர்ந்துபோனதற்குப் பணத்தைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இயக்குநர் அந்த வீட்டைக் கவனிக்கவே இல்லை. திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று அமைந்த அப்படியொரு வீட்டில்தான் நான் வளர்ந்தேன். பகலெல்லாம் சூடேறிய தேக்கு உத்திரங்கள் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, தலைக்கு மேலே யாரோ விரலைச் சொடுக்குவதுபோலச் சத்தம் கேட்கும். கொல்லைப்புறம் போக முற்றத்தைக் கடந்தாக வேண்டும். எதிர்த் தாழ்வாரத்து இருட்டை ஏறிட்டுப் பார்க்காமல், சுவரைத் தொட்டபடியே நான் நடந்த இரவுகள் பல. படத்திலோ எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை இருக்கிறது என்பதே கடைசிவரை விளங்கவில்லை. வழி தெரிந்தால்தானே எந்த மூலையிலிருந்து என்ன வருமோ என்று பயப்பட முடியும்? அதற்குப் பதிலாக, தோளில் ஒரு கை விழும்போதெல்லாம் காதைக் கிழிக்கும் ஓசையை எழுப்புகிறார்கள். உடல் தூக்கிப்போடுகிறது, மறுநொடியே அடங்கிவிடுகிறது.

முன்கதை இன்னும் வருத்தம் தந்தது. பிரெஞ்சு ஆட்சி கைமாறிய 1954 நவம்பரில் நடந்த ஒரு கொலையை, ஒரு கிழவர் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறார். அந்தக் கைமாற்றம் சட்டப்படி முழுமையான 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்து ஒரு பிள்ளை கடல் கடந்துபோக, இன்னொரு பிள்ளை இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. பூட்டிய வீட்டுக்குள் எது காத்திருக்கும் என்று கேட்க அதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

ஒரே ஒரு காட்சியில் மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரவு மழை முற்றத்தில் கொட்டுகிறது; தூணருகே நிற்கும் நாயகி, நடு முற்றத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடத்தில் மட்டும் துளி தரையைத் தொடாததைப் பார்க்கிறாள். அரங்கில் யாரும் அசையவில்லை. இன்னும் ஒரு நிமிடம் அந்த மழையை மட்டும் கேட்க விட்டிருக்கலாம். அதற்குள் வயலின்கள் அலறத் தொடங்கிவிட்டன.