மூன்று அம்மன், ஆறு கிலோ பச்சரிசி

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் சென்னைக்காரர்களில் சிலருக்குக் கால் பரபரக்கும். காலையில் மீஞ்சூர் பக்கத்து மேலூரில் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று சக்திகள். ஒரே நாளில் மூவரையும் பார்த்துவிட வேண்டும் என்பது வழக்கம். என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் போய் வந்ததை வாழ்நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு 51 வயது வரை வாய்க்கவில்லை. 2024 ஐப்பசி பௌர்ணமியன்று வாய்த்தது. அதுவும் நானாகக் கிளம்பிப் போனதில்லை.

அந்த வருஷம் ஆடி மாசம் எனக்கு வேலை போயிற்று. 22 வருஷம் கணக்கு எழுதிய இடம். ஆள் குறைக்கிறோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மாசச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அது ஊரில் நடப்பதுதான். நடக்கக் கூடாதது என்னவென்றால், நான் அதை வீட்டில் சொல்லவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் குளித்து, திருநீறு பூசி, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, மனைவி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வில்லிவாக்கத்தில் ரயிலேறிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி நாலு மாசம் ஓடிவிட்டது. சீசன் டிக்கெட்டைக்கூடப் புதுப்பித்தேன். பகலெல்லாம் பார்க்கில் உட்காருவேன். சாப்பாடு இறங்காது. அங்கே ஒரு செவலை நாய் இருந்தது, என் மனைவியின் சமையலில் அந்த நாலு மாசம் நன்றாகத் தேறியது.

அந்தப் பௌர்ணமியன்று காலை எட்டு மணிவாக்கில் பேசின் பிரிட்ஜில் இறங்கினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. நடைமேடையின் கடைசி வரை நடந்து, கூரை முடிந்து தூறல் விழுகிற இடத்தில் நின்றேன். மனசு நல்ல நிலையில் இல்லை. அதற்குமேல் விவரம் வேண்டாம். அப்படி ஒரு காலை யாருக்காவது வந்தால் 104-க்குப் போன் செய்யலாம். காது கொடுத்துக் கேட்பதற்கென்றே சிநேகா அமைப்பு 1986 முதல் நம் ஊரில் இருக்கிறது. எனக்கு அன்று எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வண்டி வரும் சத்தம் கேட்டது. என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"தம்பி, கை குடு. பெட்டி உசரமா கீது. பையோட என்னால ஏற முடியாது."

குடு என்று கேட்டாரே தவிர, கையை ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது. காய்ந்து சொரசொரப்பான கை. இரண்டு கண்ணாடி வளையல், அவற்றுக்கு நடுவே ஒரு ரப்பர் பேண்டு. எழுபது வயது இருக்கும். இன்னொரு கையில் மஞ்சப்பை, அடி தொங்கும் கனம். வண்டி நின்றதும் பையை என் தோளில் மாட்டிவிட்டு, என் முழங்கையை ஊன்றி ஏறினார். கையை விடாததால் நானும் ஏறினேன். அது கும்மிடிப்பூண்டி வண்டி என்பது கொருக்குப்பேட்டை தாண்டித்தான் எனக்கு உறைத்தது. என் சீசன் டிக்கெட் சென்ட்ரல் வரைக்கும்தான். ஆக, என் முதல் அம்மன் தரிசனத்துக்கு நான் வித்தவுட்டில் போனேன். திரும்பும்போது ஒழுங்காக டிக்கெட் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"எங்க இறங்கணும் தம்பி நீ?" என்று கேட்டார். பதில் வரவில்லை. கொஞ்சம் பார்த்துவிட்டு, "சரி, மீஞ்சூர் வரைக்கும் பையைப் பிடிச்சுக்கோ" என்றார்.

பையில் மூன்று துணி மூட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ பச்சரிசி. ஐப்பசி பௌர்ணமி சிவன் கோயில்களில் அன்னாபிஷேக நாள் அல்லவா, கோயிலுக்கு ஒன்றாக மூன்று கோயிலுக்கும் அரிசி கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். "அவரு தூக்கினு வருவாரு. போன மாசில போய்ட்டாரு" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். அத்திப்பட்டு வரும் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

மீஞ்சூரில் இறங்கியதும் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் பாட்டுக்கு ஷேர் ஆட்டோவை நிறுத்தி உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டு, சீட்டைத் தட்டிக் காட்டினார். மேலூரில் நல்ல கூட்டம். சுவாமி திருமணங்கீஸ்வரர், அம்பாள் திருவுடைநாயகி. வரிசையில் நின்றேன், கும்பிட்டேன், எதுவும் கேட்கத் தோன்றவில்லை. முதல் மூட்டையை மடப்பள்ளிப் பக்கம் கொடுத்துவிட்டு வந்தோம். பை கொஞ்சம் இளகியது.

திருவொற்றியூருக்கு வரும்போது பதினொன்றரை இருக்கும். இப்போது விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, தேரடிக்கே ஸ்டேஷன் இருக்கிறது. நாங்கள் மீஞ்சூரிலிருந்து வந்ததால் பழைய ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆதிபுரீஸ்வரருக்கு வருஷம் முழுக்கக் கவசம்தான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து புனுகுச் சட்டம் என்கிற வாசனைப் பொருளைச் சாத்துவார்கள். கருவறை தூங்கானை மாடம், ராஜேந்திர சோழன் காலத்துக் கருங்கல் வேலை. பின்பக்கம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரியே இருக்கும். மழையில் நனைந்திருந்ததால் அன்று இன்னும் யானையாகத் தெரிந்தது. வடிவுடையம்மன் தெற்கு பார்த்து நிற்கிறாள். வரிசை நீளம். ஒன்றே கால் மணி நேரம் நின்றோம்.

வரிசையில் நின்றபடி எனக்கு அப்பா சொன்ன கதை ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா பெரியபுராணப் பிரியர். ராத்திரி சோறு பிசைந்து கொடுக்கும்போது நாயன்மார் கதைதான். இந்த ஊர்க்காரர் கலிய நாயனார். செக்காட்டும் குலம், சக்கரப்பாடித் தெரு, நல்ல வசதி. கோயில் விளக்குக்கெல்லாம் அவர்தான் எண்ணெய். செல்வம் கரைந்தது. தன் இனத்தாரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி எடுத்தார், அதுவும் நின்றது. அடுத்தவர் செக்கில் கூலிக்கு நின்றார். வேலைக்கு ஆள் பெருகிப்போய் அந்தக் கூலியும் இல்லாமல் போயிற்று. வீட்டை விற்றார். கடைசியில் ஒருநாள் விளக்கேற்ற எண்ணெய் இல்லை. எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தையே ஊற்றுகிறேன் என்று துணிந்துவிட்டார்.

சின்ன வயதில் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ரிஷப வாகனத்தில் சாமி வருகிற இடம். அன்று வரிசையில் அதற்கு முந்தைய வரியிலேயே நின்றுவிட்டேன். சாமி முதலில் காட்சி கொடுக்கவில்லை. முதலில் கையைத்தான் பிடித்தார். எண்ணெய், பணம், செக்கு எல்லாம் அப்புறம். அதே பிராகாரத்தில்தான் சுந்தரர் சங்கிலியாரிடம் மகிழ மரத்தடியில் உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தார். சத்தியத்தை மீறி ஊர் எல்லை தாண்டியதும் கண் போயிற்று. கதறிக்கொண்டே நடந்தவருக்குத் திருவெண்பாக்கத்தில் சாமி கொடுத்தது ஓர் ஊன்றுகோல். கண் கேட்டவனுக்குக் கோலா என்று நான் அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு கண் காஞ்சிபுரத்தில், இன்னொரு கண் திருவாரூரில். அதுவரைக்கும் நடக்க வேண்டுமே, அதற்குத்தான் கோல் என்பார் அப்பா. என்ன சமாதானம் இது என்று அப்போது தோன்றியது.

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது மணி ஒன்றரை. தேரடிப் பக்கம் சாத்தியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தோம். அந்தம்மா என் பையைக் காட்டி, "டப்பால என்னா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நாலு மாசமாக மூடியைத் திறந்து நாய் முன்னால் கவிழ்த்ததோடு சரி. திறந்தார். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். மூடிக்குள் தனியாகச் சின்ன பிளாஸ்டிக் உறையில் இரண்டு அப்பளம், நொறுங்காமல் இருக்க டிஷ்யூ பேப்பர் சுற்றி. மூடியில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"வேர்க்கடலைய தனியா வறுத்துப் போட்டுக்கீது பாரு. காலைல எய்ந்து இத்தினி வேலை. நல்ல கைப்பா அது."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு முதல் கவளம் தொண்டையில் நின்றுவிட்டது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து கடலை வறுக்கிறவளிடம் நாலு மாசமாக, "சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்ற கேள்விக்கு, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, தன் பங்கைச் சாப்பிட்டு முடித்தார். அப்பளம் இரண்டையும் எனக்கே விட்டுவிட்டார்.

வள்ளலார் ஏழுகிணறில் இருந்தபோது அடிக்கடி இங்கே நடந்து வருவார். ஒருநாள் திரும்ப நேரமாகி, வீட்டுக் கதவு தாழிட்டிருக்கவே, பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். வடிவுடையம்மன் அவருடைய அண்ணியின் உருவத்தில் வந்து எழுப்பிச் சோறு போட்டாள் என்பார்கள். உண்மையான அண்ணி பிறகு வந்து எழுப்பியபோதுதான் அவருக்கே விளங்கியதாம். எனக்கு நடந்ததை அந்தக் கதையோடு ஒப்பிட மாட்டேன். நான் சாப்பிட்டது என் வீட்டுச் சோறு. போட்டவர் புளியந்தோப்பில் பேத்தியோடு இருக்கும் ஒரு மனுஷி, புகையிலை போடுகிறவர். ஆனால் அந்தத் தேரடியில் உட்கார்ந்திருக்கும்போது கதை ஞாபகம் வராமலும் இருக்காது.

திரும்ப பேசின் பிரிட்ஜ் வந்து ஆவடி வண்டி மாறினோம். காலையில் நின்ற அதே ஸ்டேஷன். இந்தத் தடவை நடுவில், கூட்டத்தோடு நின்றோம்.

திருமுல்லைவாயில் கோயிலை நிதானமாகப் பார்க்க வேண்டும். தொண்டைமான் மன்னனின் யானை முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டது, வாளால் கொடியை வெட்டினான், ரத்தம் வந்தது, உள்ளே லிங்கம். வெட்டுப்பட்டும் நான் மாசில்லாத மணிதான் என்று சாமியே அவனைத் தேற்றினாராம், அதனால் மாசிலாமணீஸ்வரர். அந்தக் காயத்துக்கு வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு, சித்திரைச் சதயத்தில்தான் களைவார்கள். சந்நிதிக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண். எருக்கஞ்செடி அந்தப் பருமனுக்கு வளருமா என்று எத்தனை தடவை பார்த்தாலும் நம்ப முடியாது. இங்கே நந்தி சாமியைப் பார்க்காமல் முதுகு காட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நிற்கும்.

"ஏன் தெரியுமா?" என்று அந்தம்மா கேட்டார். "ராஜாவுக்குச் சண்டையில ஆள் இல்ல. நீ கூடப் போடான்னு சாமி அனுப்பிச்சிட்டாரு. துணைக்குக் கிளம்பி நிக்குது."

கொடியிடையம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது காலையிலிருந்து உறுத்திய ஒன்றைக் கேட்டேன். மகளிர் பெட்டிக்கு ஏறுகிறவர்கள் யாரும் நான் நின்ற கோடி வரை வருவதில்லை. ஆறு கிலோ பையோடு, மூட்டுவலியோடு, தூறலில் அவ்வளவு தூரம் ஏன் நடந்து வந்தார்?

"கூட்டம் கம்மியா இருக்குமேன்னு வந்தேன்" என்றார். புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்கச் சொன்னார்.

மூன்றாவது மூட்டையைக் கொடுக்கும்போது அதிலிருந்து இரண்டு பிடி எடுத்துப் பையிலேயே போட்டிருந்தார். வில்லிவாக்கம் நெருங்கியதும் அந்த மஞ்சப்பையை என் மடியில் வைத்தார். "வெறும் பையோட வீட்டுக்குப் போகக் கூடாது. பொங்கச் சொல்லு." நான் இறங்கினேன். அவர் பேரைக் கேட்கவில்லை. அவரும் என் பேரைக் கேட்கவில்லை. வண்டி நகரும்போது ஜன்னலில் வளையல் போட்ட கை மட்டும் தெரிந்தது.

அதன்பிறகு இரண்டு பௌர்ணமிக்கு பேசின் பிரிட்ஜில் காத்துப் பார்த்தேன், அவரைக் காணோம். மூன்றாவது பௌர்ணமிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன், பழைய சம்பளத்தில் பாதி.

அன்று ராத்திரி வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி டிபன் பாக்ஸை வாங்கினாள். எடை பார்ப்பதுபோல் கையில் ஒரு தடவை ஏற்றி இறக்கினாள், ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு மஞ்சப்பையைப் பிரித்தாள். அடியில் இரண்டு பிடி அரிசி, குங்குமப் பொட்டலம், ஈரத்தில் ஒட்டிய துளசி இலை.

"என்ன இது, ஆபீஸ்ல அரிசி குடுத்தாங்களா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "ஆபீஸ் இல்ல" என்றேன்.